தாழம்பூவின் சாட்சி

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி. 1967இல் தொடங்கப்பட்ட ஒரு சிறு வனவிலங்குப் பூங்காவும், மழைக்காலத்தில் மட்டும் தன்னை நினைவூட்டிக்கொள்ளும் ஓர் அருவியும் அங்கே உண்டு. பெரும்பாலோருக்கு அது ஞாயிற்றுக்கிழமைக்கான ஊர். குழந்தைகளுக்குப் புள்ளிமானைக் காட்டிவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பிவிடலாம். இங்கே உருவாகும் நாகநதி கமண்டல நதியோடு கூடிச் செய்யாற்றில் கலந்து பின் பாலாற்றை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும்.

இந்த மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால் வியப்பான செய்தியொன்று புலப்படும். தெற்கே திருவண்ணாமலை: ஆதியும் அந்தமும் அற்ற நெருப்புத் தூணாய் இறைவன் நின்றதாகச் சொல்லப்படும் தலம். கிழக்கே போளூருக்கு அருகில் திருமலை: உலகை யாரும் படைக்கவில்லை என்ற சமணம் இன்றும் உயிரோடிருக்கும் ஊர். மலையின் மேற்குப் புறத்தில் காவலூர்: இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் நிற்குமிடம். பிரபஞ்சம் ஏன் இருக்கிறது என்ற கேள்வியின் மூன்று பக்கங்கள் ஒரே மலையின் மூன்று சரிவுகளுக்கு அப்பால் அமைந்திருக்கின்றன. இவற்றை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. ஆனால் எங்களுக்கு அவற்றைச் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார்.

எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்த நண்பர் அவர். அரசுப் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பணியிலிருந்த காலத்தில் ஆண்டுக்கொரு முறை மாணவர்களை அமிர்திக்கு அழைத்துச் சென்று, இருட்டிய பின் ஒரு பழைய இருகண்ணோக்கியால் வானத்தைக் காட்டுவது அவர் வழக்கம். எங்களில் இருவர் அவரிடம் படித்தவர்கள். "சார், இதெல்லாம் ஏன் சார் இருக்கு?" என்று ஒரு பையன் கேட்டபோது அவர் சொன்ன பதில் எங்கள் வட்டத்தில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது: "தெரியாதுப்பா. தெரியாதுன்னு எழுதிக்கோ. எதுவரைக்கும் தெரியும்னு எழுதிட்டு, அதுக்குக் கீழ எழுது. அதுக்கும் மார்க் உண்டு."

சென்ற ஆண்டு அவர் புற்றுநோயால் காலமானார். நோயின் கடைசி மாதங்களில் அவரைக் காண வந்தவர்களில் பலர் விடைகளோடு வந்தார்கள். முற்பிறவி வினை என்றார் ஒருவர். ஆண்டவர் தமக்குப் பிரியமானவரைச் சோதிக்கிறார் என்றார் இன்னொருவர். எல்லாம் வெறும் அணுக்கள்தாமே, வருந்த என்ன இருக்கிறது என்றார் மூன்றாமவர், பகுத்தறிவாளர். அவர் எல்லோருக்கும் காப்பி கொடுக்கச் சொன்னார். எதையும் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. அவர் மறைந்து பதினாறாம் நாள், அவருடைய மகள் எங்களிடம் ஒன்று கேட்டார். அவருக்கு ஏழு வயதில் ஒரு மகன். தாத்தா நட்சத்திரமாகிவிட்டார் என்று உறவினர்கள் குழந்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். நட்சத்திரம் என்பது எரியும் வாயுக்கோளம் என்று அதே தாத்தாதான் அவனுக்குச் சொல்லித் தந்திருந்தார். "அண்ணா, இவன் தெனமும் கேக்கறான். அப்பாவா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு? நீங்க ஒருமுறை வந்து பேசுங்க" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த வேண்டுகோளிலிருந்து பிறந்தது. ஒரு குழந்தையிடம் பொய் சொல்லாமலும், அதேசமயம் அவனை வெறுமையில் விட்டுவிடாமலும் பேச முடியுமா என்பதே எங்கள் முன் இருந்த சிக்கல். அதற்கு விடை தேடியபோது அவர் விட்டுச்சென்ற மூன்று சரிவுகளையும் மீண்டும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டியிருந்தது.

*

முதலில் திருவண்ணாமலை. அடிமுடி தேடிய கதை நாமெல்லோரும் அறிந்ததுதான். யார் பெரியவர் என்று திருமாலுக்கும் பிரமனுக்கும் போட்டி. இடையே ஒரு நெருப்புத் தூண் எழுகிறது. திருமால் பன்றியாகி அடியைத் தேடி மண்ணைத் தோண்டிச் செல்கிறார். பிரமன் அன்னமாகி முடியைத் தேடிப் பறக்கிறார். இருவருக்கும் இயலவில்லை. திருமால் திரும்பி வந்து காணவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிரமனோ வழியில் எதிர்ப்பட்ட தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து, முடியைக் கண்டேன் என்கிறார். விளைவு, பிரமனுக்குக் கோயில் இல்லை; தாழம்பூவுக்குச் சிவபூசையில் இடமில்லை. சிவன் கோயில் கருவறையின் பின்சுவரில், மேற்கு மாடத்தில், இலிங்கோத்பவராக இந்தக் கதை கல்லில் நிற்கிறது. வலம் வருகிற எவரும் அதைக் கடந்துதான் செல்கிறார்கள்.

சைவ வைணவப் பூசலின் கதையாக மட்டும் இதைப் படித்துவிட்டுப் போவது இழப்பு. தோல்வி இருவருக்கும் சமம் என்பதைக் கவனிக்க வேண்டும். தோற்றதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. தண்டனை, காணாததைக் கண்டதாகச் சொன்னதற்கு. அறியாமையை ஒப்புக்கொள்வது பக்திக்கு எதிரானதன்று என்று ஒரு சமயமே தன் கருவறைச் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறது.

இக்கதையில் எங்கள் ஆசிரிய நண்பருக்கு மிகவும் பிடித்த பாத்திரம் தாழம்பூ. அவர் சொல்வார்: அந்தப் பூ முடியிலிருந்து நழுவிப் பல யுகங்களாக விழுந்துகொண்டிருந்ததல்லவா? அதனிடம் உண்மையான, மிக அரிய சாட்சியம் ஒன்று இருந்தது. "நான் இவ்வளவு காலமாக விழுந்துகொண்டிருக்கிறேன், இன்னும் அடியைக் காணோம்" என்று அது சொல்லியிருக்கலாம். அந்தத் தூணின் உயரத்தைப் பற்றி உலகில் கிடைத்த ஒரே அளவீடு அதுவாகத்தான் இருந்திருக்கும். அந்த அளவீட்டைக் கைவிட்டு, கேட்கப்பட்ட பொய்யைச் சொன்னது. "நல்ல ரீடிங்கை அடிச்சிட்டு ஆன்சரை காப்பி பண்ண பையன் மாதிரி" என்பார்.

*

இரண்டாவது சரிவு, திருமலை. குந்தவை பெயரால் அமைந்த சினாலயமும், இராசேந்திர சோழனின் வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் உள்ள ஊர் அது. வரலாற்று ஆர்வலர்கள் கல்வெட்டுக்காகப் போவார்கள். நாங்கள் அங்கே நினைத்துக்கொள்வது வேறொன்றை. சமணத்தில் உலகைப் படைத்தவர் என்று ஒருவரும் இல்லை. உலகம் தோன்றவில்லை, ஆகவே ஏன் தோன்றியது என்ற கேள்வியும் இல்லை.

இது சமணத்துக்கு மட்டும் உரியதன்று என்பதுதான் ஆர்வமூட்டுவது. எதுவும் இல்லாமலிருப்பதற்குப் பதிலாக ஏன் ஏதோவொன்று இருக்கிறது என்ற கேள்வியை ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1714இல் தெளிவாக எழுதி வைத்தார். ஒன்றுமின்மையிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்று நம்பிய சமயச் சூழலில் அக்கேள்வி இயல்பாக எழும். நம் சைவ சித்தாந்தத்திலோ பதி, பசு, பாசம் மூன்றுமே அநாதி. இறைவன் உயிர்களைப் படைத்ததாகவே சித்தாந்தம் சொல்லாது. முன்பே இருந்த மாயையிலிருந்து, முன்பே இருந்த உயிர்களின் மலம் நீங்குவதற்காக, உலகம் மீண்டும் மீண்டும் விரிக்கப்படுகிறது. இல்லாதது தோன்றாது என்பது அங்கே அடிப்படை. எனவே 'ஏன் இருக்கிறது' என்பதை விட 'யாருக்காக இருக்கிறது' என்பதே மெய்கண்டார் மரபின் வினா. வேதாந்தமோ விளையாட்டு என்ற சொல்லைக் கொண்டு இதே இடத்தைக் கடந்து செல்ல முயன்றது.

மணிமேகலையின் 27ஆம் காதையை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. வஞ்சி மாநகரில் அவள் அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துச் சமயவாதிகளிடம் போய், ஒவ்வொருவரின் உலக விளக்கத்தையும் கேட்கிறாள். ஆசீவகர் சொல்வது ஒன்று, சாங்கியர் சொல்வது வேறொன்று, வைசேடிகர் சொல்வது மற்றொன்று. ஒரு தமிழ்க் காப்பியம், கதைப்போக்கை நிறுத்தி வைத்துவிட்டு, இத்தனை விடைகளை ஓர் இளம்பெண்ணின் காதில் அடுத்தடுத்துப் போடுகிறது. அவள் ஒன்றை ஏற்றுக்கொண்டதும் உண்மைதான். காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்கிறாள். ஆயினும் அவள் ஏற்ற அந்தப் புத்தர்தாம், உலகம் நிலையானதா, அதற்கு எல்லை உண்டா என்ற வினாக்களுக்கு விடை கூறாமல் விட்டவர். நச்சம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் எந்த மரத்தால் ஆனது என்றெல்லாம் தெரிந்தால்தான் அம்பை எடுக்க விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் என்னாகும் என்று மாலுங்கியபுத்தரிடம் அவர் கேட்டதாக மச்சிம நிகாயத்தில் வருகிறது. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள நாசதீய சூக்தமும் தன் முடிவில், இதை மேலிருந்து காண்பவருக்கேனும் தெரியுமோ, அவருக்கும் தெரியாதோ என்ற ஐயத்தோடுதான் நிற்கிறது.

புத்தரின் அம்பு உவமையைப் பற்றி எங்களுக்குள் நெடுநாள் விவாதம் உண்டு. பயனற்ற கேள்வியை விடு என்று அதற்குப் பொருள் கொள்வோர் எங்களில் சிலர். ஆனால் எங்கள் நண்பரின் இறுதி மாதங்களைக் கண்ட பிறகு அப்படி எளிதாகச் சொல்ல முடியவில்லை. அம்பு தைத்தவரே படுக்கையில் சாய்ந்தபடி, பெருவெடிப்புக்கு முந்தைய நிலை பற்றி அண்மையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எங்களைப் படித்துச் சொல்லச் சொன்னார். மருந்தையும் தவறாமல் எடுத்துக்கொண்டார். சிகிச்சைக்கு அந்தக் கேள்வி தடையாக இருக்கவில்லை. விடையை நிபந்தனையாக வைப்பதைத்தான் புத்தர் மறுத்தார் என்று இப்போது கருதுகிறோம். நிபந்தனை இல்லாமல் கேட்பவனுக்கு அந்தக் கேள்வி அம்பைப் போல வலிக்காது.

*

மூன்றாவது சரிவு காவலூர். அமிர்தியிலிருந்து மலையேறி, ஜமுனாமரத்தூர் போய், அங்கிருந்து ஆலங்காயம் செல்லும் சாலையில் மேற்கே வந்தால் அந்தச் சிற்றூர். நகர வெளிச்சங்களிலிருந்து விலகியும், வானத்தின் வடபாதி தென்பாதி இரண்டையும் காணும்படி நிலநடுக்கோட்டுக்குப் போதிய அளவு அருகிலும் இருக்கும் ஓரிடத்தை 1960களில் தேடிய வேணு பாப்பு இதைத் தேர்ந்தெடுத்தார். முதலில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்திலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி. பிறகு இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி. அந்தக் கடைசிக் கனவு நிறைவேறுவதைக் காண பாப்பு இருக்கவில்லை. 1982இல் அவர் மறைந்தார். 1986 ஜனவரியில் அத்தொலைநோக்கிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 1988இல் இங்கே கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்கு இராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும்.

அங்கே நடந்தவற்றுள் எங்கள் நண்பர் அடிக்கடி சொன்னது 1977 மார்ச் 10ஆம் நாள் நிகழ்வு. அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்தது. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் காத்திருந்தவர்கள், கோள் மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே விண்மீனின் ஒளி சற்று நேரம் மங்கி மீண்டதைப் பதிவு செய்தார்கள். ஏதோ ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. புதிய துணைக்கோளாக இருக்கலாமென்று முதலில் எண்ணினார்கள். ஆகாய விமானத்தில் பறந்தபடி நோக்கிய அமெரிக்கக் குழுவினரின் பதிவுகளும் பிற இடங்களின் பதிவுகளும் சேர்ந்த பிறகு, அவை யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது தெளிவாயிற்று. மங்கல் உண்மை, அதன் பொருள் பற்றிய முதல் ஊகம் மட்டுமே மாறியது என்பார் அவர். பதிவைத் திருத்தாமல் ஊகத்தைத் திருத்திக்கொள்வதுதான் அறிவியல் என்பதைப் பாடநூலை விட இந்த நிகழ்ச்சி நன்றாகக் காட்டியது.

இனி இதே முறையைப் பிரபஞ்சம் முழுமைக்கும் பொருத்திப் பாருங்கள். 1964-65இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் தங்கள் அலைவாங்கியில் எத்திசையில் திருப்பினாலும் மாறாத ஓர் இரைச்சலைக் கண்டார்கள். புறாக்களின் எச்சம்தான் காரணமோ என்று அதைக்கூடச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் நிற்கவில்லை. பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளி, விரியும் வெளியில் நீண்டு, 2.7 கெல்வின் வெப்பநிலைக்குக் குளிர்ந்து, இங்கே வந்து விழுந்துகொண்டிருக்கிறது. வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் நிலையம் கிடைக்காதபோது தெரிந்த புள்ளிமழையில் ஒரு சிறு பங்கு இந்த ஒளியுடையதுதான்.

யுகங்களாக விழுந்துகொண்டிருக்கும் தாழம்பூ இதுதான் என்பார் எங்கள் நண்பர். இம்முறை பூவிடம் ஒழுங்காக விசாரித்தார்கள். எவ்வளவு காலமாக விழுகிறாய் என்று கேட்டார்கள், சொன்னது. வழியில் வெளி எவ்வளவு விரிந்தது என்று கேட்டார்கள், சொன்னது. சாதாரணப் பருப்பொருள் மொத்தத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான், மிச்சமெல்லாம் இன்னதென்று விளங்காத கரும்பொருளும் கருமாற்றலும் என்பதையும் அதுவே சொன்னது. முடியில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது அது பேசவில்லை. மிகத் தொடக்கக் கணங்களை நெருங்கும்போது ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் தன் செல்லுபடியை இழக்கிறது. அதையும் குவாண்டம் கோட்பாட்டையும் இணைக்கும் முழுமையான கொள்கை இன்னும் நம் கையில் இல்லை.

அந்த மௌனத்தை நிரப்பும் ஆவல் எல்லோருக்கும் வருகிறது. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பெருவெடிப்பைப் படைப்புக்குச் சான்றாகச் சுட்டிப் பேசினார். அக்கொள்கையின் மூலவர்களில் ஒருவரான லெமெத்ர் கத்தோலிக்கக் குருவே. இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டியவர் அவர்தாம். மாறாக அவர் சங்கடப்பட்டு, இப்படி இணைத்துப் பேச வேண்டாமென்றே கருத்துரைத்தார். எதிர்த்தரப்பிலும் இதே ஆவலைக் காணலாம். ஒன்றுமின்மையிலிருந்து பிரபஞ்சம் தானே தோன்ற முடியும் என்று லாரன்ஸ் கிராஸ் 2012இல் நூலெழுதியபோது, நீங்கள் ஒன்றுமின்மை என்று சொல்லும் குவாண்டம் வெற்றிடமும் விதிகளுக்கு உட்பட்ட ஏதோவொன்றுதானே, அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தத்துவவாதி டேவிட் ஆல்பர்ட் கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டு ஜெயந்த் நார்லிகரோ, ஃப்ரெட் ஹாயிலோடு சேர்ந்து, தொடக்கமே இல்லாத பிரபஞ்சம் என்ற கொள்கைக்காகப் பல பத்தாண்டுகள் வாதிட்டார். பெரும்பான்மை மறுபுறம் சென்ற பிறகும், 2025 மே மாதம் மறையும் வரை, பெருவெடிப்புக் கொள்கையை ஐயமின்றி ஏற்றுக்கொள்ள அவர் தயங்கினார். சான்றுகள் அவர் பக்கம் இல்லை என்றே பெரும்பாலான வானியலாளர் கருதுகின்றனர். ஆனாலும் தம் கொள்கை எந்த அளவீட்டில் சோதிக்கப்பட வேண்டும் என்பதை அவர் எப்போதும் வெளிப்படையாக வைத்தே வாதாடினார்.

*

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. ஏன் என்பதற்கு எந்தக் காரணத்தைச் சொன்னாலும், அந்தக் காரணம் ஏன் இருக்கிறது என்று அடுத்து கேட்கலாம். அதனால் ஒவ்வொரு மரபும் ஓரிடத்தில் நின்றாக வேண்டியிருக்கிறது. சித்தாந்தம் அநாதி என்ற சொல்லில் நிற்கிறது. விவிலியம் இறைவனின் விருப்பத்தில் நிற்கிறது. இயற்பியல் விதிகளில் நிற்கிறது. நிற்பது குற்றமன்று. வண்டி நின்ற இடத்தில் 'சேருமிடம் இதுவே' என்று பலகை நடுவதுதான் சிக்கல்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது சோம்பலல்லவா? கேள்வியிலிருந்து தப்பிக்கும் தந்திரமல்லவா? இருக்கக்கூடும். 'தெரியாது' பலவகைப்படும். அலுவலகச் சன்னலுக்குப் பின்னாலிருந்து வரும் தெரியாது கதவைச் சாத்துவதற்கானது. 'யாருக்கும் தெரியாது, ஆகவே நான் சொல்வதும் சரிதான்' என்பது இன்னொரு வகை. இதுதான் மிகவும் தந்திரமானது, எல்லாப் போலி மருத்துவத்துக்கும் சோதிடத்துக்கும் வாசல் இதுவே. மூன்றாவது வகை, எங்கள் நண்பர் மாணவனுக்குச் சொன்னது. எதுவரை தெரியும் என்று எழுதிவிட்டு அதன் கீழே எழுதப்படும் தெரியாது. அது நில அளவைக்காரர் நட்ட எல்லைக்கல் போன்றது. இந்தப் பக்கம் அளந்தாயிற்று, அந்தப் பக்கம் இனிமேல்தான் என்று அது சொல்கிறது. அதை நடுவதற்கே ஒரு வாழ்நாள் உழைப்பு வேண்டும். 2.34 மீட்டர் ஆடியைத் தேய்த்து மெருகேற்றியவர்களும், மேகம் விலகுமா என்று இரவெல்லாம் காத்திருந்தவர்களும் அந்தக் கல்லைத்தான் சிறிது சிறிதாக நகர்த்தினார்கள்.

ஜவ்வாது மலையில் கற்திட்டைகள் இருக்கின்றன. பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோருக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்துக் கட்டியவை. அவர்கள் எதை நம்பினார்கள் என்பது கல்லில் எழுதப்படவில்லை. இறந்தவரை வெறுமனே விட்டுச்செல்ல அவர்களுக்கு மனமில்லை என்பது மட்டும் அந்தக் கற்களின் எடையிலிருந்தே தெரிகிறது. காஞ்சியிலிருந்து வந்து குடியேறியவர்கள் எங்கள் முன்னோர் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடியினர் அவற்றின் அருகே இன்று சாமை விதைக்கிறார்கள். விளக்கம் எதுவும் கையில் இல்லாமலும் மனிதர்கள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே வந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த நிலமே சான்று.

நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். பையனிடம் என்ன பேசுவது என்று போகும் வழியெல்லாம் ஆலோசித்திருந்தோம். தாத்தாவின் இரத்தத்திலிருந்த இரும்பும் எலும்பிலிருந்த சுண்ணாம்புச் சத்தும் பழைய விண்மீன்களுக்குள்ளும் அவை வெடித்தபோதும் உருவானவை என்று அவனுக்குச் சொன்னோம். உடம்பின் தண்ணீரிலிருந்த ஹைட்ரஜன் அதற்கும் பழையது, பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களைச் சேர்ந்தது என்றோம். ஆகவே தாத்தா நட்சத்திரமாகிவிட்டார் என்பதை விட, தாத்தா நட்சத்திரத்திலிருந்து வந்தவர், நீயும் அப்படித்தான் என்பது சரியாக இருக்கும். அவன் கவனமாகக் கேட்டான். பிறகு, "அது சரி, தாத்தா இப்ப எங்க?" என்றான்.

அணுக்களைப் பற்றிய பேச்சு அந்தக் கேள்விக்கு விடையல்ல என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அங்கே இன்னும் இரண்டு அழகான வாக்கியங்களைச் சேர்த்திருந்தால் அவன் ஒருவேளை அடங்கியிருப்பான். விண்மீன் துகள் என்ற பேச்சும் அந்த இடத்தில் ஒரு தாழம்பூவாகிவிடும். எங்களில் ஒருவர், அவரிடம் படித்தவர், சொன்னார்: "அது தெரியலப்பா. எங்களுக்குத் தெரியல, தாத்தாவுக்கும் தெரியல. யாருக்கும் இன்னும் தெரியல."

"அம்மாவுக்குமா?"

"ஆமாம், எனக்கும் தெரியாதுடா" என்றார் மகள். அழுதார். ஆனால் நடுங்காமல் சொன்னார். பையன் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். யாருக்குமே தெரியாத ஒன்றைத் தன்னிடமிருந்து மட்டும் மறைத்துவைக்கவில்லை என்பதில் அவனுக்கு ஏதோ ஒரு நிம்மதி இருந்திருக்க வேண்டும். சற்று நேரம் கழித்து அந்த இருகண்ணோக்கி இனி யாருக்கு என்று கேட்டான். உனக்குத்தான் என்றார்கள்.

உறுதியின்மையை ஏற்பது ஆறுதலா என்று கேட்டால், சாவின் முன் எதுவும் முழு ஆறுதலில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பொய்யான ஆறுதலுக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொன்னவரும் கேட்டவரும் அதன்பின் அந்த இடத்தைப் பற்றிப் பேசிக்கொள்ள முடியாது. தெரியாது என்று சேர்ந்து ஒப்புக்கொண்டவர்கள் தொடர்ந்து பேசலாம். அவர் மகளும் பேரனும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அடிமுடிக் கதையில் நாம் வழக்கமாகக் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு. காணவில்லை என்று திருமால் சொன்ன பிறகும் அந்த நெருப்புத் தூண் அணைந்துவிடவில்லை. தேடிக் களைத்துத் திரும்பியவர் முன் அது அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதன் அடி எங்கே என்று தெரியாமலேயே அதன் வெளிச்சத்தில் அவர் நின்றார்.